பழைய மோட்டார் சைக்கிளும் ஒரு நோட்டுப் புத்தகமும்

நூல் திறனாய்வு

மோட்டார் சைக்கிளை வீட்டிலேயே பழுது பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தோடு இந்த நூலை விலை கொடுத்து வாங்குபவர் ஏமாந்து போவார். எந்த நட்டை எந்த ஸ்பேனரால் கழற்றுவது, எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுவது என்பன போன்ற செய்திகள் இதில் இல்லை. தன் நூல் மோட்டார் சைக்கிள்களைப் பற்றிய உண்மை விவரங்களிலும் அவ்வளவு நம்பத் தக்கதல்ல என்று ஆசிரியரே முன்குறிப்பில் எச்சரித்துவிடுகிறார். ஆயினும், பழைய வண்டி ஒன்றை வைத்துக்கொண்டு அல்லற்படும் ஒருவர் இதைப் படித்தால் பயனடைவார் என்பதும் உண்மை. இவ்விரண்டும் எவ்வாறு ஒன்றாகப் பொருந்துகின்றன என்பதையே இக்கட்டுரையில் ஆராய்வோம்.

நூலின் ஆங்கிலப் பெயர் 'ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார் சைக்கிள் மெயின்டனன்ஸ்'. ஜென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும் என்று அதைத் தமிழில் கூறலாம். ஆசிரியர் ராபர்ட் பிர்சிக் என்னும் அமெரிக்கர். 1974-ஆம் ஆண்டு வெளிவந்த இந்நூலை அதற்குமுன் 121 பதிப்பகங்கள் ஏற்க மறுத்தன. வெளிவந்த பிறகோ, பல இலட்சம் படிகள் விற்றன.

நூலும் ஆசிரியரும்

பிர்சிக் 1928-ல் மினியாபொலிஸ் நகரில் பிறந்தவர். வேதியியல் படிக்கத் தொடங்கி, தத்துவத்தின் பக்கம் திரும்பியவர். நம் நாட்டிற்கு வந்து காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் சில காலம் தத்துவம் பயின்றவர் என்பது நம் வாசகர்களுக்குச் சுவையான செய்தியாக இருக்கும். பின்னர், எந்திரங்களுக்கான கையேடுகளை எழுதும் தொழிலில் பணியாற்றினார். 1968-ஆம் ஆண்டின் கோடையில், 305 கன சென்டிமீட்டர் எஞ்சின் கொண்ட தம் ஹோண்டா வண்டியில் 11 வயது மகனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மினியாபொலிசிலிருந்து பசிபிக் கடற்கரை வரை பயணம் செய்தார். நண்பர் ஒருவர் தம் மனைவியுடன் பி.எம்.டபிள்யூ. வண்டியில் பாதி வழிவரை உடன் வந்தார். அந்தப் பயணமே நூலின் உடல். வழியில் தோன்றும் சிந்தனைகள் அதன் உயிர். ஆசிரியர் 2017-ல் காலமானார். அவருடைய வண்டி இப்போது வாஷிங்டன் நகரின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நூலில் மூன்று இழைகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, தந்தையும் மகனும் செல்லும் பயணம். இரண்டு, மனநோய்க்கு ஆளாகி மின்னதிர்ச்சி மருத்துவம் பெற்ற ஆசிரியரின் கடந்த காலம். மூன்று, 'தரம்' என்றால் என்ன என்ற தத்துவ விசாரணை. இந்த மூன்றாவது இழை நூலின் பிற்பகுதியில் மிக நீண்டு விடுகிறது. கிரேக்கத் தத்துவ ஞானிகளோடு ஆசிரியர் நடத்தும் வழக்கு, பொது வாசகருக்குக் களைப்பைத் தரக்கூடியது. நமக்கு அறிவியல் நோக்கில் வேண்டியதெல்லாம் வண்டியைப் பற்றிய பகுதிகளே. நூறு பக்கத்திற்கு மேல் வராத அந்தப் பகுதிகளில் அறிவியல் முறையைப் பற்றிய மிகத் தெளிவான விளக்கம் ஒன்று அடங்கியிருக்கிறது.

மழையில் நின்ற வண்டி

முந்தைய பயணம் ஒன்றில் நடந்ததாக ஆசிரியர் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். கடும் மழையில் வண்டி நின்றுவிடுகிறது. தண்ணீர் உள்ளே புகுந்து மின்சாரப் பகுதியைக் கெடுத்துவிட்டது என்று அவர் முடிவு செய்கிறார். வண்டியை ஆட்டிப் பார்க்கிறார்; டாங்கில் பெட்ரோல் சலசலக்கும் ஒலி கேட்கிறது. ஆகவே பெட்ரோலில் குறை இல்லை என்று கருதி, பிளக், பாயிண்ட், கார்பரேட்டர் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். வண்டி கிளம்பவே இல்லை. பயணம் பாழாகிறது. பின்னர்தான் உண்மை தெரிகிறது. அவர் கேட்ட ஒலி ரிசர்வ் பெட்ரோலின் ஒலி! ரிசர்வ் குழாயைத் திருப்பியிருந்தால் போதும், வண்டி ஓடியிருக்கும்.

நம்மில் எத்தனை பேருக்கு இந்த அனுபவம் உண்டு! ஆனால், நாம் இதைச் சொல்லிச் சிரித்துவிட்டு மறந்துவிடுகிறோம். பிர்சிக் இதிலிருந்து ஒரு பாடத்தை எடுக்கிறார். மழைதான் காரணம் என்ற முடிவு முதலிலேயே மனத்தில் புகுந்துவிட்டதால், கண்முன் இருந்த சான்றை அவரால் சரியாகப் படிக்க முடியவில்லை. அறிவியலில் இது புதிதல்ல. சான்றுக்கு முன்பே முடிவு வந்துவிட்டால், அதன்பின் வரும் சான்றுகள் எல்லாம் அந்த முடிவுக்கு ஊழியம் செய்யத் தொடங்கிவிடும்.

இதற்கு மருந்தாக அவர் கூறுவது ஒரு நோட்டுப் புத்தகம். எளிய பழுதுகளுக்கு அது தேவையில்லை. ஆனால் பிடிபடாத பழுது வரும்போது ஆறு செய்திகளை வரிசையாக எழுத வேண்டும் என்கிறார். சிக்கல் என்ன என்பது முதலாவது. அதற்குக் காரணமாக இருக்கக்கூடிய ஊகங்கள் இரண்டாவது. ஒவ்வோர் ஊகத்தையும் சோதிக்கும் வழி மூன்றாவது. அச்சோதனையில் என்ன நேரும் என்ற எதிர்பார்ப்பு நான்காவது. உண்மையில் என்ன நேர்ந்தது என்பது ஐந்தாவது. அதிலிருந்து பெறும் முடிவு ஆறாவது.

இவற்றுள் முதலாவதுதான் மிகக் கடினம். 'மின்சாரப் பகுதியில் என்ன கோளாறு?' என்று எழுதுவது தவறு; கோளாறு மின்சாரப் பகுதியில்தான் என்பது இன்னும் நமக்குத் தெரியாது. 'வண்டி ஏன் ஓடவில்லை?' என்று மட்டுமே எழுத வேண்டும். தெரிந்ததற்கு மேல் ஒரு சொல்லும் கூடாது. பள்ளி ஆய்வகக் குறிப்பேட்டில் நோக்கம், செய்முறை, காண்பன, முடிவு என்று நாம் எழுதிய அதே முறைதான் இது. ஆனால் அங்கே விடை முன்கூட்டியே தெரியும். பழைய மோட்டார் சைக்கிளின்முன் உட்கார்ந்திருப்பவருக்கு விடை தெரியாது. அதுதான் உண்மையான ஆய்வு.

சீயமங்கலத்தில் ஒரு சோதனை

ஒரு முறையைப் பாராட்டுவதைவிட அதைப் பயன்படுத்திப் பார்ப்பதே நல்ல திறனாய்வு. செஞ்சிக்கு வடக்கே, தேசூரை அடுத்துள்ள சீயமங்கலம் எங்கள் ஊர். மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக்கோயில் உள்ள ஊர் என்று வரலாறு படித்தவர்கள் அறிவார்கள். என் தமையனார் 1995-ல் வாங்கிய 350 கன சென்டிமீட்டர் புல்லட் ஒன்று எங்கள் வீட்டில் உண்டு. உதகமண்டலத்திற்கும் இராமேசுவரத்திற்கும் அவரைச் சுமந்து சென்ற வண்டி. அவர் மறைவுக்குப் பின் அதைப் பார்ப்பார் இல்லை. சென்ற ஆண்டு டாங்கிற்குப் புதிதாக வண்ணம் பூசி, பழுது பார்த்து ஓடவிட்டோம்.

அதன்பின் ஒரு தொல்லை தொடங்கியது. ஊருக்குள் நன்றாக ஓடும் வண்டி, செஞ்சி நெடுஞ்சாலையில் வேகமாகச் சென்றால் சில கிலோமீட்டரில் நின்றுவிடும். அரைமணி நேரம் மரநிழலில் நிறுத்தினால் மீண்டும் கிளம்பும். பழுது பார்க்கும் நிலையம் ஒன்றில் காட்டினோம். சூடேறினால் காயில் கெட்டுவிடுகிறது என்று கூறி, காயில், கண்டென்சர், பிளக் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினார்கள். அதன்பிறகும் வண்டி நின்றது. "எடைக்குப் போட்டுவிடலாம், சித்தப்பா" என்றான் பதினோராம் வகுப்பில் படிக்கும் என் தமையன் மகன். அவன் தந்தையின் வண்டி; மனம் வெறுத்துத்தான் அப்படிச் சொன்னான்.

பிர்சிக் கூறியபடி ஒரு நோட்டை எடுத்தோம். சிக்கல்: வேகமாக ஓடியபின் எஞ்சின் நிற்கிறது; அரைமணி கழித்துக் கிளம்புகிறது. ஊகம் ஒன்று: வெப்பத்தால் மின்சுற்றில் ஏதோ ஒன்று செயலிழக்கிறது; ஆறினால் சரியாகிறது. ஊகம் இரண்டு: கார்பரேட்டருக்குப் பெட்ரோல் போதிய அளவு வந்து சேரவில்லை, காத்திருக்கும்போது மெல்ல வந்து சேர்கிறது. இரண்டு ஊகங்களும் 'அரைமணி கழித்துக் கிளம்பும்' என்பதை ஒரே அளவில் விளக்கிவிடுகின்றன! ஆகவே காத்திருப்பது சோதனை ஆகாது. இரண்டையும் பிரித்துக் காட்டும் சோதனை வேண்டும்.

இரண்டாவது ஊகத்திற்குப் பையனே ஒரு காரணம் கூறினான். டாங்கின் மூடியில் காற்று நுழைவதற்கு ஒரு சிறு துளை உண்டு. பெட்ரோல் கீழே இறங்க இறங்க, அதன் இடத்தைக் காற்று நிரப்ப வேண்டும். துளை அடைபட்டால் உள்ளே அழுத்தம் குறையும். டாங்கிலிருந்து கார்பரேட்டர் வரை பெட்ரோலைத் தள்ளுவது ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் உயரமுள்ள பெட்ரோல் தம்பத்தின் அழுத்தம் மட்டுமே. வளிமண்டல அழுத்தமோ 10 மீட்டர் நீர்த் தம்பத்திற்கு, அதாவது ஏறக்குறைய 13 மீட்டர் பெட்ரோல் தம்பத்திற்குச் சமம். எனவே, டாங்கின் உள்ளே அழுத்தம் ஐம்பதில் ஒரு பங்கு குறைந்தாலே பெட்ரோல் இறங்குவது நின்றுவிடும். பாயில் விதியின்படி, டாங்கில் 5 லிட்டர் காற்றிடம் இருந்தால், 100 மில்லிலிட்டர் பெட்ரோல் செலவானாலே இந்நிலை வந்துவிடும். பெட்ரோல் ஆவியின் அழுத்தத்தை இங்கே கணக்கில் சேர்க்கவில்லை. துளை முழுவதும் அடைபடாமல் சிறிது காற்றுக் கசிந்தால் இன்னும் சில கிலோமீட்டர் ஓடும். மெதுவாகச் சென்றால் கசிவே போதுமானதாகிவிடும், வண்டி நிற்காது. ஊருக்குள் நிற்காத வண்டி நெடுஞ்சாலையில் ஏன் நிற்கிறது என்பதற்கும் இது விளக்கம் தந்தது.

இப்போது சோதனை எளிது. வண்டி நின்ற உடனே, எஞ்சின் ஆறுமுன், மூடியைத் திறந்து மூடிவிட்டுச் சிறிது பொறுத்துக் கிளப்ப வேண்டும். மின்சுற்றுதான் காரணம் என்றால் கிளம்பாது. காற்றுத் துளைதான் காரணம் என்றால் கிளம்பிவிடும். அடுத்த நாள் நெடுஞ்சாலையில் வண்டி நின்றது. சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் சிந்தாதபடி மூடியை மெல்லத் திறந்தோம். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டது. ஒரு நிமிடம் கழித்து உதைத்ததும் எஞ்சின் கிளம்பியது. வீட்டிற்கு வந்து மூடியைப் பார்த்தால், டாங்கிற்கு அடித்த வண்ணம் துளையை ஏறக்குறைய மூடியிருந்தது. ஒரு குண்டூசி வேலை! புதிய காயிலுக்கும் கண்டென்சருக்கும் கொடுத்த பணம் வீணாயிற்று. ஆனால் தன் பாடப்புத்தகத்தில் வெறும் சூத்திரமாக இருந்த பாயில் விதி செஞ்சி நெடுஞ்சாலையில் 'உஸ்' என்று ஒலித்ததைப் பையன் காதால் கேட்டான். அதன்பின் வண்டியை எடைக்குப் போடும் பேச்சே இல்லை.

அளவு இல்லாத அறிவுரை

இதுவரை நூலின் சிறப்பைக் கண்டோம். இனி அதன் குறைகளுக்கு வருவோம். மேலே கண்ட கணக்கைப் போன்ற ஒன்றுகூட இந்நூலில் இல்லை என்பதே முதற் குறை. ஊகம், சோதனை, முடிவு என்று முறையைக் கூறும் ஆசிரியர், அளவை ஏறக்குறைய விட்டுவிடுகிறார். உயரமான நிலப்பகுதியை அடையும்போது பிளக் கரி பிடித்திருப்பதைக் கண்டு, காற்று மெலிந்ததால் கலவையில் பெட்ரோல் மிகுந்துவிட்டது என்று அவர் உணரும் இடம் அழகானது. ஆனால், காற்று எவ்வளவு மெலிந்தது? கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. சென்னையில் சரியாக இருந்த ஜெட் அங்கே ஏன் மிகையாகிறது என்பது இந்த எண்ணால்தான் விளங்கும்.

அளவின்றிப் பழைய வண்டியைப் பராமரிக்க முடியாது. 1955-ல் சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தை அமைத்தது. திருவொற்றியூரில் புல்லட் உருவாகத் தொடங்கியது. தாய் நிறுவனம் இங்கிலாந்தில் மூடப்பட்ட பிறகும், அதே அமைப்புள்ள வார்ப்பிரும்பு எஞ்சின் நம் நாட்டில் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகள்வரை உற்பத்தியாயிற்று. அந்த எஞ்சினின் உருளை 70 மில்லிமீட்டர் விட்டம் உடையது. பிஸ்டன் 90 மில்லிமீட்டர் ஏறி இறங்கும். உருளையின் கனஅளவுக்கான சூத்திரத்தைப் பயன்படுத்தி 346 கன சென்டிமீட்டர் வருகிறதா என்று மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

அதன் காண்டாக்ட் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர்வரை இருக்க வேண்டும். பிளக் இடைவெளி அரை மில்லிமீட்டரை ஒட்டியது. இவற்றைக் கண்ணால் மதிப்பிட இயலாது. தகடுகள் அடுக்கிய ஃபீலர் கேஜ் வேண்டும். டேப்பட் இடைவெளியோ, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பூச்சியம். தள்ளுதண்டைப் பிடித்தால் விரலால் சுழற்ற முடிய வேண்டும். மேலும் கீழும் ஆட்டம் இருக்கக் கூடாது. எஞ்சின் சூடேறும்போது உருளையும் அதன் தலைப்பகுதியும் தள்ளுதண்டுகளைவிட மிகுதியாகச் சூடேறி நீள்கின்றன. ஆகவே ஓடும்போது தேவையான சிறு இடைவெளி தானே உண்டாகிவிடுகிறது. சூடான எஞ்சினில் இதைப் பூச்சியமாக்கி வைத்தால், ஆறியபின் வால்வு சரியாக மூடாது. எஞ்சின் அழுத்தம் இழந்து கிளம்ப மறுக்கும். வெப்பத்தால் பொருள்கள் விரிவடையும் என்ற எளிய பாடத்தை மறந்ததன் விளைவு இது.

இன்னொன்றும் சொல்லத் தக்கது. பழைய புல்லட்டின் முகப்பு விளக்குக் கூட்டில் ஓர் அம்மீட்டர் பதித்திருக்கும். சாவியைத் திருப்பிக் கிக்கரை மெல்ல அழுத்தினால் அதன் முள் ஒருபுறம் சாய்வதையும், பிறகு நடுவுக்கு வருவதையும் காணலாம். பாயிண்ட் மூடியிருக்கும்போது காயில் வழியே மின்னோட்டம் செல்கிறது, முள் சாய்கிறது. பாயிண்ட் திறந்தவுடன் மின்னோட்டம் நிற்கிறது. முள் நடுவுக்கு வருகிறது. பிஸ்டன் உச்சியை நெருங்கிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். அந்நிலையில் டிகம்ப்ரஸரை இழுத்துக் கிக்கரைச் சற்றே தாண்டவிட்டு உதைத்தால் வண்டி எளிதில் கிளம்பும். ஆய்வகத்துக் கருவி ஒன்று தெருவிலேயே கிடைக்கிறது!

தொழிலாளியைப் பற்றிய பார்வை

நூலின் இரண்டாவது குறை ஆழமானது. ஆசிரியர் தம் வண்டியை ஒரு பழுது நிலையத்தில் விட்ட கதையைக் கூறுகிறார். அங்கே வானொலி அலறுகிறது. இளைஞர்கள் கவனமின்றி வேலை செய்கிறார்கள். ஒவ்வாத கருவியாலும் உளியாலும் டேப்பட் மூடிகளைச் சிதைக்கிறார்கள். எண்ணெய் செல்லும் வழியில் இருந்த ஒரு சிறு பின் முறிந்ததுதான் உண்மையான பழுது என்பதைக் கடைசியில் ஆசிரியரே கண்டுபிடிக்கிறார். இதில் பொய் இல்லை. எங்கள் வண்டிக்கும் அதுதானே நேர்ந்தது? ஆனால், இந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து நூல் முழுவதும் ஒரு தனிமனிதர் வீட்டில் அமர்ந்து தாமே எல்லாவற்றையும் செய்துகொள்வதுதான் உயர்வு என்ற எண்ணம் வளர்ந்துவிடுகிறது.

நம் ஊரில் நிலைமை வேறு. செஞ்சியில் நான் அறிந்த மெக்கானிக் ஒருவர், ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சின்மேல் வைத்துப் பிடியைக் காதோடு அழுத்திக் கேட்பார். திடப்பொருளின் வழியே ஒலி நன்கு பரவும் என்பதை அவர் பள்ளியில் கற்கவில்லை. ஆனால் டேப்பட்டின் ஓசையையும் பேரிங்கின் ஓசையையும் பிரித்துச் சொல்லிவிடுவார். பழைய புல்லட்டில் பிரிட்டிஷ் அளவு மரைகள் பல உண்டு என்பதையும், மெட்ரிக் ஸ்பேனரைப் போட்டால் நட்டின் மூலை மழுங்கிவிடும் என்பதையும் எனக்குக் கற்பித்தவர் அவரே. இத்தகைய ஆசிரியர் ஒருவர்கூட பிர்சிக்கின் நூலில் நினைவில் நிற்கும்படி வரவில்லை.

மனிதர்களை ஆசிரியர் இரு வகையாகப் பிரிக்கிறார். பொருளின் தோற்றத்தில் மயங்குவோர் ஒரு வகை. அதன் உள்ளமைப்பை நோக்குவோர் மற்றொரு வகை. அவருடைய நண்பர் முதல் வகை. நண்பரின் விலையுயர்ந்த வண்டியில் கைப்பிடி நழுவுகிறது. காலியான பீர் டப்பாவின் தகட்டில் ஒரு துண்டை வெட்டி இடையில் செருகினால் சரியாகிவிடும் என்கிறார் ஆசிரியர். நண்பருக்கு அது அவமானமாகத் தோன்றுகிறது. நம் ஊரில் இதைக் கேட்டு யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். பழைய டியூபையும் டப்பாத் தகட்டையும் வைத்துத்தான் பாதி வேலை நடக்கிறது. ஆகவே, அமெரிக்கருக்குப் பெரிதாகத் தோன்றிய அந்தப் பிரிவு நமக்கு அவ்வளவு பெரிதல்ல. நமக்குள்ள பிரிவு வேறொன்று: படித்தவர் கையால் தொடுவதில்லை, கையால் தொடுபவருக்குப் படிக்க நூல் இல்லை. பிர்சிக் கட்ட முயன்ற பாலம் நமக்கும் தேவைதான். ஆனால், நம் ஆறு ஓடும் இடம் வேறு.

இந்தப் பிரிவு சொற்களிலேயே தெரிகிறது. நம் பாடநூல் 'உருளை' என்கிறது, 'உந்து தண்டு' என்கிறது, 'மின்தேக்கி' என்கிறது. பட்டறையில் அவை சிலிண்டர், பிஸ்டன், கண்டென்சர். மின்தேக்கியைப் பற்றித் தேர்வில் பத்து மதிப்பெண் வாங்கிய மாணவன், பாயிண்டின் அருகே கட்டைவிரல் பருமனில் இருக்கும் கண்டென்சர் அதுதான் என்பதை அறியமாட்டான். பாயிண்ட் திறக்கும்போது எழும் பொறியை அது ஏற்றுக்கொள்வதால்தான் பாயிண்ட் கருகாமல் இருக்கிறது என்பதைப் பட்டறைச் சிறுவன் அறியமாட்டான். இரு பெயர்களையும் ஒரே பக்கத்தில், படத்தோடு தரும் தமிழ்ப் பழுதுநூல்கள் நமக்கு ஏராளமாக வேண்டும். ஜென்னைவிட அது நமக்கு அவசரமான தேவை.

குரங்கும் தேங்காயும்

ஊக்கத்தை வற்றச் செய்யும் கண்ணிகளைப் பற்றி நூலில் ஒரு நீண்ட பகுதி உண்டு. பழுது பார்ப்பவர் அனைவரும் படிக்க வேண்டிய பகுதி இது. கழற்றிய வரிசையை மறந்து, பூட்டி முடித்தபின் ஒரு பாகம் மேசையில் மிஞ்சிக் கிடப்பதைக் காண்பது ஒரு கண்ணி. பரிசோதிக்கும்போது மட்டும் மறைந்துவிடும் பழுது இன்னொரு கண்ணி. துருப்பிடித்து அசைய மறுக்கும் ஒரு திருகு, அந்த நேரத்தில் வண்டி முழுவதன் விலைக்குச் சமமாகிவிடுகிறது என்று அவர் காட்டும் இடம் மறக்க முடியாதது. பொறுமை என்பது ஒழுக்கப் பண்பு மட்டுமன்று. அது ஒரு கருவியும் ஆகும் என்பதை இப்பகுதி உணர்த்துகிறது.

பழைய கருத்தை விடாமல் பற்றிக்கொள்ளும் கண்ணிக்கு அவர் தரும் உவமை 'தென்னிந்தியக் குரங்குப் பொறி'. தேங்காயைக் குடைந்து உள்ளே அரிசியை வைத்து, ஒரு முளையில் கட்டிவிடுவார்களாம். குரங்கு கையை நுழைத்து அரிசியைப் பற்றும். மூடிய கையை வெளியே எடுக்க முடியாது. அரிசியை விடவும் மனம் வராது. தென்னிந்தியாவில் எழுபது ஆண்டுகளாக வாழும் நான் இப்படியொரு பொறியைக் கண்டதில்லை! ஆயினும் உவமை பொருத்தமானதே. 'காயில்தான் கெட்டிருக்கிறது' என்று ஒரு மாத காலம் நாங்கள் பற்றிக்கொண்டிருந்தது அந்த அரிசியைத்தான்.

இன்றைய வண்டிக்கு இது பொருந்துமா?

இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 மாசுக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தது. அதற்கேற்ப வந்த மோட்டார் சைக்கிள்களில் கார்பரேட்டரின் இடத்தைப் பெரும்பாலும் எரிபொருள் பீச்சும் அமைப்பும், அதை ஆளும் மின்னணுப் பெட்டியும் பிடித்துக்கொண்டன. பாயிண்டும் இல்லை, திருகித் திருத்தும் ஜெட்டும் இல்லை. பழுதைச் சொல்வது ஒரு விளக்கும் ஒரு குறியீட்டு எண்ணும்தான். புகை குறைந்தது என்பதால் இதை வரவேற்க வேண்டும். ஆனால் வீட்டில் அமர்ந்து பழுது பார்ப்பவரின் எல்லை சுருங்கிவிட்டது என்பதையும் மறுக்க முடியாது.

அப்படியானால் நூலின் முறை பழையதாகிவிட்டதா? இல்லை. குறியீட்டு எண் ஒரு சான்று மட்டுமே, முடிவு அன்று. ஓர் உணர்கருவி தவறான அளவைத் தருகிறது என்று பெட்டி கூறினால், கெட்டது உணர்கருவியா, அதற்குச் செல்லும் கம்பியா, இணைப்பில் பிடித்த துருவா என்பதை மனிதர்தான் சோதித்தறிய வேண்டும். எண்ணைப் பார்த்தவுடன் பாகத்தை மாற்றுபவர், மழையைப் பார்த்தவுடன் மின்சாரத்தைச் சந்தேகித்தவரின் தவற்றையே மீண்டும் செய்கிறார்.

நூலுக்கு வெளியே நாம் சேர்த்துக்கொள்ள வேண்டிய சில செய்திகளும் உண்டு. பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் கலந்திருக்கலாம். அதன் தூளை வாயால் ஊதக் கூடாது. ஈரத் துணியால் துடைக்க வேண்டும். கழிவு எண்ணெயைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கொட்டக் கூடாது. டப்பாவில் சேர்த்துக் கழிவெண்ணெய் வாங்குவோரிடம் தர வேண்டும். பெட்ரோல் இருக்கும் இடத்தில் நெருப்பு ஆகாது. கடைசியாக, ஒரு நாளில் ஒரே ஒரு மாற்றம் செய்க. மூன்றை ஒருங்கே மாற்றினால், வண்டி ஓடினாலும் எதனால் ஓடியது என்பது தெரியாது.

முடிவாக

பிர்சிக்கின் நூலைப் பழுதுநூலாக எண்ணி வாங்க வேண்டாம். தத்துவ நூலாக எண்ணிப் பணியவும் வேண்டாம். பொறுமையாக எண்ணுவதற்கு ஓர் எந்திரம் எவ்வாறு பயிற்சி தரும் என்பதைக் காட்டும் நூல் என்று கருதிப் படிக்கலாம். அதன் அருகே இரண்டு பொருள்களை வைத்துக்கொள்ள வேண்டும்: ஒரு ஃபீலர் கேஜ், ஒரு நோட்டு. நூல் மறந்துவிட்ட மூன்றாவது ஒன்றும் உண்டு. அது, அனுபவமுள்ள ஒரு மெக்கானிக்கின் நட்பு.

எங்கள் நோட்டில் இப்போது பதினான்கு பக்கங்கள் நிரம்பியிருக்கின்றன. கடைசிப் பக்கத்தில் தமையன் மகனின் கையெழுத்தில் ஒரு புதிய சிக்கல் எழுதப்பட்டிருக்கிறது: 'மூன்றாவது கியரில் ஏறும்போது கிளட்ச் நழுவுவதுபோல் தெரிகிறது.' முதலில் 'கிளட்ச் நழுவுகிறது' என்றுதான் எழுதியிருந்தான். பிறகு தானே அடித்துவிட்டு, 'நழுவுவதுபோல் தெரிகிறது' என்று திருத்தியிருக்கிறான்.